சுகிர்தா சொன்னால் போதும்

தோசைக்கல்லை மூன்று முறை புளி போட்டுத் தேய்த்தும் அந்த வாடை போகவில்லை. விக்டோரியா நான்காவது முறையாக நாரைக் கையில் எடுத்தபோது, குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே சுகிர்தா வந்து நின்றாள்.

“வுடும்மா. வேற கல்லு வாங்கிக்கலாம்.”

“வாங்கலாம். இன்னிக்குப் பொழுது போயும் உனக்கு வேலை இருந்தா வாங்கலாம்,” என்றாள் விக்டோரியா, திரும்பிப் பார்க்காமல்.

நேற்று சாயங்காலம் அந்தக் கல்லில் வெந்தது ஒரு கையுறை. சூடான இரும்பைத் தொடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் தடித்த கையுறை. மகள் கொண்டுவந்திருந்த புது சாம்பிளைப் போட்டுக்கொண்டு விக்டோரியா காய்ந்த கல்லை இறக்கப் போக, பிடித்த இடம் இளகிக் கல்லோடு ஒட்டிக்கொண்டது. பதறி ஓடிவந்த சுகிர்தா, பையிலிருந்து பழைய கையுறை ஒன்றையும் எடுத்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் கல்லின்மேல் வைத்து எண்ணினாள். பழையது நாற்பதுவரை அசையவில்லை. புதியது எட்டில் புகைந்தது.

லேபிள் ஒன்றேதான். அதே சிவப்பு எழுத்து, அதே முத்திரை. உள்ளே திருப்பிப் பார்த்தால்தான் தெரிந்தது. பழையதில் மஞ்சள் நூலில் இரட்டைத் தையல். புதியதில் வெள்ளை நூல், ஒற்றை ஓட்டம்.

அதை விற்கத்தான் இன்று காலை பதினோரு மணிக்கு அவள் போக வேண்டும்.

கவரைப்பேட்டையில் இருந்த கேடயம் ஏஜென்ஸீஸில் சுகிர்தாவுக்கு இது ஒன்பதாவது வருஷம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிற ஆலைகளுக்குத் தலைக்கவசமும் பூட்ஸும் கையுறையும் விற்கிற வேலை. புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்த வருஷம் கிடைத்தது. அதற்கப்புறம் அவளுக்கென்று நின்றது அது ஒன்றுதான்.

தம்பி ராபின் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான். இன்றைக்கு அவள் போகவேண்டிய அதே கம்பி மில்லில்தான் அவனுக்கும் வேலை. ஐந்து வருஷமாகக் கான்ட்ராக்ட்.

“நாஷ்டா துன்னுட்டுப் போடா,” என்றாள் விக்டோரியா.

“வோணாம், பசிக்கல. டீ மட்டும் குடு.” நின்றபடியே டம்ளரை இடது கையில் வாங்கிக்கொண்டான். “யக்கா, இன்னிக்கு மீட்டிங்ல நீ ஒண்ணும் பேசாத. உங்க மொதலாளி வசந்தகுமார் சார் பேசிக்குவாரு.”

சுகிர்தா துவட்டுவதை நிறுத்தினாள். “வசந்தகுமார் வர்றது உனக்கு எப்படித் தெரியும்?”

ராபின் டீயைப் பார்த்தான். “போன் பண்ணாரு.”

“உனக்கா?”

“வெள்ளிக்கிழமை பர்மனென்ட் லிஸ்ட்டு ஒட்றாங்க. எங்க மேனேஜர் அவருக்குத் தெரிஞ்சவராம். ஆர்டர் நல்லபடியா முடிஞ்சா, எம் பேரச் சொல்றேன்னாரு. அவ்ளோதான். நீ இதுல ஒண்ணும் செய்ய வோணாம். சும்மா இருந்தா போதும்.”

“லிஸ்ட்ல பேர் வந்தாத்தான் ஏஞ்சல் ஊட்ல கல்யாணத் தேதி குறிப்பாங்க,” என்றாள் விக்டோரியா கல்லைப் பார்த்துக்கொண்டே. “ஞாயித்துக்கெழமை அவங்கப்பா வராரு.”

“அந்தக் கிளவுஸு எட்டு எண்றதுக்குள்ள புகையுது, ராபினு. நீதான் அதப் போட்டுக்கினு நிக்கப்போற.”

“அஞ்சு வருஷமா நிக்கறேன். பாத்துக்கறேன்.”

“இப்ப உங்க ஷிஃப்ட்ல இருக்கறது பழசுதான? மஞ்ச நூலு?”

“நூலெல்லாம் எவன் பாக்கறான்,” என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்தான். பையையும் இடது கையாலேயே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

மில்லின் வாசலில், வேப்பமர நிழலில் காரை நிறுத்திவிட்டு வசந்தகுமார் காத்திருந்தான். முப்பத்தெட்டு வயது, மடிப்புக் கலையாத சட்டை. பழைய முதலாளி உடம்புக்கு முடியாமல் ஒதுங்கிக்கொண்ட பிறகு, மருமகன் என்ற முறையில் கேடயத்தை நடத்த வந்து நாலு மாதம் ஆகிறது.

வந்த முதல் வாரமே எல்லாரையும் உட்காரவைத்துத் திரையில் படம் போட்டான். இனி நாம் பொருள் விற்கப்போவதில்லை, உறவு வளர்க்கப்போகிறோம் என்றான். சுகிர்தாவுக்கு அது பிடித்துக்கூட இருந்தது. அப்புறம் ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்து, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பிறந்தநாள், பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கஷ்டம் எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொன்னான். எந்த நேரத்தில் எதைப் பேசினால் ஆர்டர் விழும் என்று அதுவே சொல்லுமாம்.

சுகிர்தா பாதிக் கட்டங்களைக் காலியாக விட்டாள். மில்லின் ஸ்டோர் இன்சார்ஜ் வெங்கடேசனின் மனைவி இரண்டு வருஷமாக வீட்டு வாசற்படியைத் தாண்டுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு மத்தியானம் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் அழுதிருக்கிறார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? “அது அவங்க ஊட்டு விஷயம் சார்,” என்று வசந்தகுமாரிடம் சொல்லிவிட்டாள்.

இப்போது அவள் ஸ்கூட்டரை விட்டு இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றாமலே பேசினாள். “சார், நேத்து ராத்திரி உங்களுக்கு போட்டோ அனுப்பினேன். பாத்தீங்களா?”

“பார்த்தேன். அது லேப் இல்லை சுகிர்தா. தோசைக்கல்.”

“கம்பி அத்தவிடச் சூடு சார்.”

“சர்டிபிகேட் இருக்கு.”

“பழசுக்கு வாங்கினது.”

“லேபிள் அதேதானே.” அவன் சிரித்தான். குரலைத் தாழ்த்திப் பிரியமாகத்தான் பேசினான். “பாருங்க. உங்களைப் பொய் சொல்லச் சொல்லலை. பேசக்கூட வேண்டாம். என் பக்கத்துல உட்கார்ந்தா போதும். உங்க முகம்தான் எனக்கு வேணும். ஒன்பது வருஷமா இவங்ககிட்ட நம்பிக்கையைச் சேர்த்து வெச்சிருக்கீங்க. சேர்க்கிறது எதுக்கு? ஒரு நாள் செலவு பண்ணத்தானே.”

அந்தக் கணக்கு அவளுக்குப் புரியவே இல்லை. முதல் வருஷத்தில் இதே மில்லுக்கு வெங்கடேசன் நூறு ஜோடி கேட்டபோது, அவள் உள்ளே போய் ஆட்கள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு வந்து, “உங்க வேலைக்கு எங்க சரக்கு ஒத்துவராது சார். பைபாஸ்ல குணசுந்தரி கடையில கேளுங்க,” என்று போட்டிக் கடைக்கு அனுப்பினாள். பழைய முதலாளி அரைமணி நேரம் திட்டினார். ஆறு மாதம் கழித்து வெங்கடேசன் தானாகவே கூப்பிட்டார். அன்று முதல் அவர் வேறு யாரையும் கூப்பிட்டதில்லை. அதில் அவள் எதையும் சேர்த்துவைக்கவில்லை. பொருந்தாததைப் பொருந்தாது என்று சொன்னாள், அவ்வளவுதான்.

“வாங்க, மணி ஆச்சு,” என்றான் வசந்தகுமார்.

மேனேஜர் ஆதிநாராயணன் அறையில் ஏசி ஓடியது. அவர் ஒரு கண்ணைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டே பேசுகிறவர். வெங்கடேசன் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து சுகிர்தாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

வசந்தகுமார் பத்து நிமிஷம் பேசினான். ஒரு வருஷத்துக்கான சப்ளை, குறைந்த விலை, வாரம் தவறாத டெலிவரி. சாம்பிளை மேஜைமேல் வைத்தான். யாரும் அதைத் தொடவில்லை.

“வெங்கடேசன், உங்களுக்கு ஓகேன்னா எனக்கும் ஓகே,” என்றார் ஆதிநாராயணன்.

“நான் இன்னா சார் பாக்கறது. சுகிர்தா சொன்னா போதும்.” வெங்கடேசன் அவள் பக்கம் திரும்பினார். “இன்னாம்மா, நல்லா இருக்குதா?”

இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை அவர் அவளிடம் கேட்ட கேள்வி. வசந்தகுமார் பேனாவை மூடித் திறந்தான். சுகிர்தாவுக்கு ராபினின் முகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற ஏஞ்சலின் அப்பா வந்தார். தலையை ஆட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

“இல்ல சார்,” என்றாள். “வாங்காதீங்க.”

ஆதிநாராயணனின் இரண்டு கண்ணும் கம்ப்யூட்டரை விட்டு வந்தன.

“சுகிர்தா,” என்றான் வசந்தகுமார்.

“இது சூடு தாங்காது. நானே வெச்சிப் பாத்தேன். பேரு பழசு, உள்ள இருக்கறது வேற. கையில ஒட்டிக்கும் சார்.”

வெங்கடேசன் சந்தோஷப்படுவார் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் அவர் முகம் இப்படி வெளுக்கும் என்றும் நினைக்கவில்லை. “அப்ப திங்கக்கெழமை வந்த பண்டலு?”

“எந்தப் பண்டலு சார்?”

“நீ அனுப்பினதுதாம்மா. அறுபது ஜோடி. அவசரத்துக்கு முன்கூட்டியே அனுப்பியிருக்கறதா உங்க டிரைவர் லோகு வந்து எறக்கினான். சுகிர்தா செக் பண்ணிட்டாங்கன்னு சொன்னான். நான் பிரிச்சிக்கூடப் பாக்கல. முந்தாநாளே ஷிஃப்ட்டுக்குக் குடுத்துட்டேன்.”

சுகிர்தா வசந்தகுமாரைப் பார்த்தாள். அவன் சாம்பிளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

“எம் பேரச் சொல்லி அனுப்பினீங்களா?”

“உட்காருங்க. இதை ஆபீஸ்ல பேசிக்கலாம்.”

அவள் ஏற்கெனவே எழுந்திருந்தாள். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தபோது, பின்னால் ஆதிநாராயணன் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. சிவக்கச் சிவக்கக் கம்பி பாம்பு மாதிரி ஓடி வர, இரண்டு பக்கமும் ஆட்கள் இடுக்கியோடு நின்றார்கள். சுகிர்தா மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் ஓரமாகவே ஓடி, விமல் நின்ற இடத்துக்குப் போனாள். விமலுக்கு வலது கையில் ஆறு விரல். எந்தக் கையுறையும் சேராமல் வெறுங்கையோடு நின்றவனுக்கு, மூன்று வருஷத்துக்கு முன்னால் அளவெடுத்துத் தனியாகத் தைத்து வாங்கிக் கொடுத்தவள் அவள்.

“விமலு, ஓட்றத நிறுத்தச் சொல்லு.”

இரைச்சலில் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் மேலே இருந்த ஆபரேட்டரைப் பார்த்துக் கையை உயர்த்திக் குறுக்கே ஆட்டினான். உள்ளே இருந்த கம்பி ஓடி முடிய, உருளைகள் மெதுவாகச் சுற்றி நின்றன. ஆட்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள்.

“எல்லாரும் கிளவுஸக் கழட்டுங்க,” என்று சுகிர்தா உரக்கச் சொன்னாள். “வாய்ப்பக்கம் திருப்பிப் பாருங்க. மஞ்ச நூலா இருந்தா மாட்டிக்கலாம். வெள்ள நூலா இருந்தா கீழ போடுங்க. அது சூடு தாங்காது. எம் பேரச் சொல்லித்தான் உங்ககிட்ட வந்துகீது. எனக்கே தெரியாம வந்துகீது.”

முதலில் ஒருவன் கழற்றினான். பக்கத்திலிருந்தவன் திருப்பிப் பார்த்து, “வெள்ளதான்டா,” என்று கீழே எறிந்தான். விமல் தன்னுடையதைக் கழற்றப் போனான்.

“உன்னுது வோணாம். அது பழசு.”

சிமெண்டுத் தரையில் கையுறைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சிலவற்றில் உள்ளங்கைப் பக்கம் கருகித் தெரிந்தது. கடைசியாக ஒருவன் மட்டும் இடுக்கியைக் கீழே வைக்காமல் நின்றான்.

“யக்கா, வெளிய போ,” என்றான் ராபின் பல்லைக் கடித்துக்கொண்டு. “மேனேஜர் வராரு.”

“வரட்டும். கழட்டு.”

“மாட்டேன்.”

“ராபினு, கழட்டு.”

“எல்லாரும் பாக்கறாங்க. வெள்ளிக்கெழமைக்கு ரெண்டு நாளுதான் கீது. உங்கால விழறேன், போ.”

அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் இடது கையுறையை உருவிப் போட்டான். வலது கையுறை வரவில்லை. விமல் வந்து மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக இழுத்தான். உள்ளே ஒரு கைக்குட்டைத் துணி சுற்றியிருந்தது. துணி விலகியபோது, டூத்பேஸ்ட் காய்ந்து வெடித்த உள்ளங்கையில் நாலணா அகலத்துக்கு இரண்டு கொப்புளங்கள், ஒன்று உடைந்திருந்தது.

காலையில் அவன் ஏன் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“எப்ப?”

“முந்தாநேத்து.”

“ஏன்டா சொல்லல?”

“சொன்னா நீ இப்படி வந்து நிப்பேன்னு தெரியும்,” என்றான் ராபின். விமலின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டான். “அதான் சொல்லல.”

ஆதிநாராயணன் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார், பின்னால் வெங்கடேசன். வெளியாள் ஒருத்தி தன் மில்லை நிறுத்திவிட்டாள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. “யார் பர்மிஷன் கொடுத்தது உங்களுக்கு? உள்ள ஃபர்னஸ்ல இரும்பு பில்லட் காய்ஞ்சுகிட்டிருக்கு.”

“நாப்பது நிமிஷம் குடுங்க சார். வேற கிளவுஸ் வரும்.” அவள் போனை எடுத்தாள். எதிர்முனையில் இருந்தது குணசுந்தரி, ஒன்பது வருஷமாக எல்லா கேட்டிலும் அவளோடு போட்டி போட்டவள்.

“அக்கா, நான் சுகிர்தா. கம்பி மில்லுக்கு சூட்டுக் கிளவுஸ் அறுபது ஜோடி உடனே வேணும். உங்க நல்ல சரக்கு. நீங்களே பில் போட்டுக்குங்க.”

“நெஜமா நீதான் பேசறியா?” என்றாள் குணசுந்தரி. பிறகு, “கால் மணில வண்டி கெளம்பும்,” என்று வைத்துவிட்டாள்.

முப்பத்தைந்தாவது நிமிஷம் வண்டி உள்ளே வந்தது. பண்டலை முதலில் பிரித்தவர் வெங்கடேசன். ஒவ்வொரு ஜோடியாக உள்ளே திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கொடுத்தார்.

ராபினுக்கு மட்டும் கொடுக்கவில்லை. “நீ ஷிஃப்ட் முடியறவரைக்கும் ஆபீஸ்ல உக்காரு,” என்று ஆதிநாராயணன் சொல்லிவிட்டார். அவன் கேட் பாஸை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெங்கடேசன் வாசல்வரை அவளோடு நடந்து வந்தார். நன்றி சொல்ல வரவில்லை.

“நேத்தே தெரியும்ல உனக்கு?”

“சாயங்காலம் தெரியும் சார்.”

“அப்பவே ஒரு போன் அடிச்சிருந்தா, இந்நேரம் அந்தப் பையன் கை புண்ணோட இடுக்கி புடிச்சிருக்க மாட்டான். நானும் மேனேஜர் எதிர்ல பல்ல இளிச்சிக்கினு நின்னிருக்க மாட்டேன்.”

அது உண்மை. காலையில் வசந்தகுமார் போட்டோவைப் பார்த்தால் மனசு மாறிவிடுவான் என்று ஒரு ராத்திரியை அவள் அவனுக்குக் கொடுத்திருந்தாள். அறுபது ஜோடிக் கைகள் அதற்குள் இருப்பது தெரியாமல் கொடுத்தது. ஆனாலும் கொடுத்தது அவள்தான்.

“சொல்லியிருக்கணும் சார். என் தப்புதான்.”

வெங்கடேசன் திரும்பி நடந்தார்.

வேப்பமரத்தடியில் வசந்தகுமார் கையை நீட்டியபடி நின்றான். “வண்டிச் சாவி, ஐடி கார்டு, டேப்லெட். போனும்.”

சாவியையும் கார்டையும் டேப்லெட்டையும் ஒவ்வொன்றாக அவன் கார் பானெட்டின்மேல் வைத்தாள். “போன் என்னுது சார். நம்பரும் என்னுது. இத்தினி வருஷம் நான்தான் ரீசார்ஜ் பண்ணிக்கினு வரேன்.”

“என்ன சாதிச்சீங்க சுகிர்தா? வேலை போச்சு. உங்க தம்பி வாழ்க்கையும் போச்சு. அந்த ஆர்டர் இப்போ அந்தம்மா குணசுந்தரிக்கு. வித்தது நீங்க, லாபம் அவங்களுக்கு.”

“நீங்க நல்ல கிளவுஸ் குடுத்திருந்தா உங்களுக்கே வித்திருப்பேன்,” என்றாள். தார் ரோட்டில் வெயில் கொதித்தது. ஸ்கூட்டரில் கடந்து பழகிய அந்த இரண்டு கிலோமீட்டரையும் பூட்ஸ் காலோடு நடந்தே கடந்து, மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்தாள்.

ஐந்து மணியாகியும் ராபின் வீட்டுக்கு வரவில்லை. மூன்று மணிக்கே ஷிஃப்ட் முடிந்துவிடும். போன் போனது, அவன் எடுக்கவில்லை.

விக்டோரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவள் வயசில் பாதி ஊத்துக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் போனது. மீதி பாதி கம்பெனி ஒன்றில் தரை துடைத்துப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு பிள்ளையாவது பர்மனென்ட் சட்டை போட வேண்டும் என்பது அவள் பல வருஷமாக மாதா கோயிலில் வைக்கிற வேண்டுதல்.

“புள்ள கைய நீ காப்பாத்தின. அதுக்கு நான் உன்ன ஒண்ணும் சொல்லல,” என்றாள் கடைசியில். “ஆனா செஞ்சது நல்லா இருக்குதான்னு எங்கிட்ட கேக்காத. ஏஞ்சல் அப்பாகிட்ட நான் இன்னான்னு சொல்றது? எம் பொண்ணு ரொம்ப நேர்மையானவ, அதனால கல்யாணத்தத் தள்ளிவைங்கன்னா?”

சுகிர்தா மறுபடி ராபினின் நம்பரை அழுத்தினாள்.

அதற்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் ஃபவுண்டரி ஸ்டோரிலிருந்து, பிறகு டயர் பட்டறைக்காரர். மில்லில் நடந்தது சிப்காட் முழுக்கப் பரவியிருந்தது. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “எங்களுக்கு வந்ததும் அதுதானாம்மா?” அவளுக்குத் தெரியவில்லை. திருப்பிப் பார்க்கச் சொல்லி, நூலின் நிறத்தைக் கேட்டாள். ஃபவுண்டரியில் வெள்ளை.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. லோகு நின்றான், கேடயத்தின் டெலிவரி டிரைவர். உள்ளே வரத் தயங்கிச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“யக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. நீ பாத்துட்டன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அதத்தான் போற எடத்துலல்லாம் சொன்னேன். உம் பேரச் சொன்னா யாருமே பிரிச்சிப் பாக்கல.”

“எத்தினி எடம்?”

அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினான். டெலிவரி நோட்டிலிருந்து தன் கையால் எழுதிக் கொண்டுவந்தது. கம்பி மில்லைத் தவிர இன்னும் பதினோரு கம்பெனி. சுகிர்தா ஒவ்வொரு பெயராகப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேட்டும், கேட்டுக்குள்ளே அவளுக்குப் பெயர் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். ஃபவுண்டரிக்கும் டயர் பட்டறைக்கும் போனில் சொல்லியாயிற்று. மற்ற ஒன்பதுக்கும் வரிசையாகக் கூப்பிட்டாள். ஐந்து பேர் எடுத்தார்கள். நாலு இடத்தில் ஸ்டோரைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

“நாளைக்குப் பதினோரு எடத்துக்கும் நேர்ல போவணும்,” என்றாள். “எங்கிட்ட வண்டி இல்ல.”

“எந்தம்பி ஷேர் ஆட்டோ சும்மாத்தான் நிக்கிது. நான் ஓட்றேன்,” என்றான் லோகு. “எனக்கும் நாளைக்கு வேலை இருக்காது.”

மறுபடி போன் அடித்தது. திரையில் வசந்தகுமார்.

“எல்லாருக்கும் போன் பண்ணிகிட்டிருக்கீங்களாமே,” என்றான். குரலில் அவசரமே இல்லை. “வக்கீலோட பேசிட்டேன். இனிமே நீங்க ஒரு கேட்டுக்குள்ள கால் வெச்சாலும் என் பிசினஸைக் கெடுக்கிறீங்கன்னு கேஸ் போடுவேன். உங்க பக்கம் சாட்சின்னு இருந்தது ஒரே ஒரு கை. அதுவும் இப்ப இல்லை.”

“இன்னா சொல்றீங்க?”

“ராபின் என் எதிர்லதான் உட்கார்ந்திருக்கான். நான்தான் கார்ல கூட்டிட்டு வந்தேன். கை சுட்டது வீட்டு அடுப்புலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டான். வெள்ளிக்கிழமை லிஸ்ட்ல அவன் பேர் இருக்கும். அவன் புத்திசாலி.”

விக்டோரியா சுகிர்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அருகே வந்தாள்.

“போன அவங்கிட்ட குடுங்க.”

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு தம்பியின் மூச்சு. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான்.

“ராபினு,” என்றாள். “கைக்கு மருந்து போட்டாங்களா?”

“இல்லக்கா,” என்று மிக மெல்லிய குரல் வந்தது. உடனே போன் கைமாறியது.

“கேட்டுட்டீங்களா? இப்ப சொல்லுங்க, நாளைக்கு எங்கே போறதா உத்தேசம்?”

சுகிர்தா லோகு கொடுத்த தாளை விரித்தாள்.

“விடியக்காலமே ஸ்டோர் பூட்டியிருந்த நாலு கேட்டு. ஒன்பது மணிக்கு ஃபவுண்டரி கேட்டு. பத்தரைக்கு டயர் பட்டறை. அப்பறம் மீதி அஞ்சு. வரிசையாச் சொல்லட்டுமா, எழுதிக்கிறீங்களா?” என்றாள். “அந்தப் பேப்பரையும் எடுத்துக்கினு வாங்க சார். எந்தம்பியையும் கூட்டிக்கினு வாங்க. பதினோரு கேட்டுலயும் நான் எங்கையால கிளவுஸத் திருப்பிக் காட்றேன். பக்கத்துலயே நின்னு நீங்க அவன் எழுதினதப் படிங்க. அவங்க யார நம்பறாங்கன்னு பாக்கலாம்.”